அலமாரியில் இருந்த நான்கு பாயிண்ட்

நீங்கள் எழுதியது பொய்.

செயலாளர் அவர்களே, உங்கள் கிளப்பின் ஆண்டு மலரில், உங்கள் புகைப்படத்துக்குக் கீழே, தேயிலை விலை விழுந்து கிடந்த காலத்தில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குப் பொம்மை ரயில் ஒன்றை "எல்லா உறுப்புகளுடனும்" கொடுத்து உற்சாகப்படுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தொழிலாளர்களில் நான் ஒருவன். எல்லா உறுப்புகளும் வரவில்லை. நான்கு பாயிண்ட் வரவில்லை. அவை எங்கே இருந்தன என்று உங்களுக்குத் தெரியும். இப்போது எனக்கும் தெரியும்.

மலரைப் படித்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

குன்னூர் பக்கம், ஜெகதளாவுக்குக் கீழே, சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலையில் நான் ஃபிட்டர். மெஷின், மோட்டார், ஒயரிங் எல்லாம் என் வேலை. விலை விழுந்ததும் விவசாயிகள் இலை பறிப்பதை விட்டுவிட்டார்கள். பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்றார்கள். அது நிஜம்தான். தோட்டத்தில் செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து மரமாகிக்கொண்டிருந்தன. வாரம் ஆறு நாள் ஓடிய தொழிற்சாலை முதலில் மூன்று நாளானது, பிறகு ஒரு நாளானது. சில வாரம் அதுவும் இல்லை.

முப்பது பேர் இருந்த இடத்தில் நான்கு பேர் மிஞ்சினோம். நான் ஒருவன். ட்ரையரைப் பார்த்துக்கொண்டவர் இன்னொருவர், சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துக்காரர், எங்கள் எல்லாருக்கும் மூத்தவர், அண்ணன் என்போம். தூளைச் சலித்துப் பிரிக்கிற அக்கா ஒருவர், சேரம்பாடியில் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து இந்தப் பக்கம் கட்டிக்கொண்டு வந்தவர், வாய்க்குப் பூட்டே கிடையாது. நான்காவது ஆள் பேக்கிங்கில் இருந்தவர். கல்யாணம் ஆகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

எங்கள் முதலாளி கெட்டவர் இல்லை. நல்லவர் என்றும் சொல்லமாட்டேன். ஒரு நாள் நான்கு பேரையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னார்.

"ஏனுங்க, நான் ஒளிக்காம சொல்றேன். மூணு பேர் இருந்தாத்தான் ஒரு லோடு இலைய ஓட்ட முடியும். மெஷினுக்கு ஒருத்தர், ட்ரையருக்கு ஒருத்தர், சல்லடைக்கு ஒருத்தர். தினமும் மூணு பேர் வந்து கையெழுத்துப் போடுற வரைக்கும் நான் பூட்ட மாட்டேன். ரெண்டாச்சுன்னா அன்னைக்கே பூட்டிச் சாவிய பேங்குல குடுத்துருவேன். அவ்வளவுதானுங்க."

அதற்குப் பிறகு எங்கள் வேலை என்பது வருவதுதான். காலை எட்டு மணிக்கு வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இலை வராது. மாலை ஐந்து மணி வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அதில் இருக்கும் கஷ்டம் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். ஓடாத மெஷினைத் துடைத்துத் துடைத்து அதன் பெயின்ட்டே போய்விட்டது. அண்ணன் அடுப்பு எரியாத ட்ரையருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "என்னா குளிரு" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். பேக்கிங் ஆள் வெளிச் சுவரில் சாய்ந்து கோயம்புத்தூர் பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சு எல்லா லயத்திலும் இருந்தது. எங்கள் தொழிற்சாலை பூட்டப்படுமா இல்லையா என்பது எங்களில் இரண்டு பேருடைய சலிப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மேல்பக்கத்து எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தார்கள். கம்பெனி கைமாறியது. பங்களாவில் இருந்த சாமான்களைப் புல்வெளியில் பரப்பி ஏலம் விட்டார்கள். ஏலத்தை நடத்தியது நீங்கள். கிளப்பின் செயலாளர் என்ற முறையில் உங்களிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். கையில் பட்டியல், கழுத்தில் மஃப்ளர்.

நான் ஒரு பழைய மோட்டாருக்காகப் போனேன். அதைப் பழைய இரும்புக்காரர் எடுத்துவிட்டார். கடைசியில் இரண்டு தேயிலைப் பெட்டிகளை யாரும் கேட்கவில்லை. திறந்து பார்த்தேன். உள்ளே ரயில். இரண்டு எஞ்சின், ஏழு பெட்டி, கையைத் தூக்கி இறக்கும் பழைய மாதிரி கை சிக்னல் ஒன்று, ஒரு டிரான்ஸ்ஃபார்மர், மீதியெல்லாம் தண்டவாளம். தகரத்தில் செய்த பழைய காலத்து இங்கிலீஷ் சாமான். இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில் மூன்றாவதாக ஒன்று ஓடும், அதில்தான் கரன்ட். எனக்கு அதைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. ஃபிட்டர் கை அப்படித்தான்.

பெட்டியோடு வந்த பட்டியலில் ஒவ்வொன்றும் மை போட்டு எழுதியிருந்தது. கடைசிக்கு முந்தைய வரியில் "பாயிண்ட் நான்கு" என்று இருந்தது. அதன் மேல் பென்சிலால் ஒரு கோடு.

ஒரு தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடத்தில் ரயிலை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்பிவிடுகிற துண்டுக்குப் பெயர்தான் பாயிண்ட். நிஜ ரயிலிலும் அதுதான் பெயர், பொம்மையிலும் அதுதான்.

"சார், இந்தப் பாயிண்ட் எங்கீங்க?" என்று கேட்டேன்.

நீங்கள் பட்டியலைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. "அதெல்லாம் எப்பவோ உடைஞ்சு போச்சு. இருக்கிறத எடுத்துட்டுப் போ" என்றீர்கள்.

கேட்ட விலையைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். கொடுத்தீர்கள் என்று மலரில் எழுதியிருக்கிறீர்கள். கொடுக்கவில்லை. ஏலத்தில் நான் கேட்டு எடுத்தேன். அதுவும் ஒரு பொய். அது போகட்டும்.

இலை வாட்டுவதற்குத் தொழிற்சாலையில் நீளமான தொட்டிகள் இருக்கும். ட்ரஃப் என்போம். இடுப்பு உயரம், ஆறடி அகலம், எண்பதடி நீளம். மேலே கம்பி வலை, அதில்தான் இலையைப் பரப்புவோம். ஒரு முனையில் பெரிய ஃபேன், அது அடியிலிருந்து காற்றை ஊதும். இலையே இல்லாததால் நான்கு ட்ரஃப்பும் சும்மா கிடந்தன. ஒன்றின் மேல் பழைய தேயிலைப் பெட்டிகளைப் பிரித்து, அந்தப் பலகைகளைப் பரப்பி, தண்டவாளத்தைப் பூட்டினேன். நாற்பதடி நீளத்துக்கு ஒரு நீள்வட்டம். முதல் நாள் எஞ்சின் சுற்றி வந்தபோது அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். நான்கு மாதத்தில் அவர் அந்த நாற்காலியிலிருந்து தானாக எழுந்தது அன்றுதான்.

மறுநாள் காலை அக்கா பழக்க தோஷத்தில் வந்ததும் ஃபேன் சுவிட்சைப் போட்டுவிட்டார். பலகை இடுக்கில் காற்று பீறிட்டு, நான் அட்டையில் வெட்டி வைத்திருந்த ஸ்டேஷன் எழும்பிப் பறந்து ட்ரையர் மேல் போய் உட்கார்ந்தது.

"உங்க குன்னூர் ஸ்டேஷன் ஊட்டிக்கே போயிருச்சுங்க" என்றார் அக்கா.

பத்து நாள் எல்லாரும் பார்த்தோம். பதினோராவது நாள் பார்க்கவில்லை. வட்டமாகச் சுற்றுகிற ரயிலுக்கு ஒரு ஆள் போதும், அதுவும் டிரான்ஸ்ஃபார்மரைத் திருகுவதற்கு. மற்றவர்களுக்கு வேலை இல்லை. அண்ணன் நாற்காலிக்குப் போனார். பேக்கிங் ஆள் சுவருக்குப் போனார்.

அக்காதான் வெடுக்கென்று சொன்னார். "இதுவும் நம்மள மாதிரிதான். எங்கயும் போகாம சுத்திக்கிட்டே இருக்குது. நான் இதப் பாக்கறதுக்கா ரெண்டு பஸ் மாறி வரேன்?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. யோசித்துப் பார்த்தேன். இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஸ்டேஷன் வைத்து, ஒவ்வொன்றிலும் பிரியும் பக்கவழி ஒன்று இருந்தால், ஒரு ரயில் ஒதுங்கி நிற்க இன்னொன்று கடந்து போகலாம். மலை ரயில் அப்படித்தான் ஓடுகிறது. அதற்கு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பாயிண்டைத் தள்ள ஒரு ஆள் வேண்டும். நடுவில் ஓட்டுபவர் ஒருவர் வேண்டும். நாற்பதடியில் ஒரே ஆள் ஓடி ஓடி எல்லாவற்றையும் செய்ய முடியாது. ஸ்டேஷனுக்கு ஒன்றாக இரண்டு பாயிண்ட் இருந்தாலே மூன்று பேருக்குக் குறையாமல் வேண்டும். முதலாளி சொன்ன அதே மூன்று பேர். நான்கு பாயிண்ட் இருந்தால் பக்கவழியின் இரண்டு முனையிலும் வழி திறந்து, நான்கு பேருக்கும் கை நிறைய வேலை.

அன்றிலிருந்து நான் பாயிண்ட் தேட ஆரம்பித்தேன். விளையாட்டுக்காகத் தேடவில்லை. மூன்று பேர் காலை எட்டு மணிக்கு வருவதற்கு ஒரு காரணத்தைத் தேடினேன்.

முதலில் உங்களிடம்தான் வந்தேன். கிளப்பின் பின்வாசலில் நின்றேன், முன்வாசலில் விடமாட்டார்கள். அரை மணி நேரம் கழித்து வந்தீர்கள். உடைந்த பாயிண்டாக இருந்தாலும் பரவாயில்லை, நான் சரிசெய்துகொள்வேன், துண்டு துண்டாக இருந்தாலும் கொடுங்கள் என்று கேட்டேன். எதற்கு என்றும் சொன்னேன். ஆட்கள் நிற்கமாட்டேன் என்கிறார்கள், அவர்களைப் பிடித்து வைக்க வேண்டும் என்று உங்களிடம் வாய்விட்டுச் சொன்னேன்.

"குப்பையில போட்டாச்சு. ஃபேக்டரி ஆளுக்கு எதுக்குய்யா ரயில்?" என்றீர்கள். பக்கத்தில் நின்ற, கிளப்பில் பரிமாறும் பேரர் தலையைக் குனிந்துகொண்டார். அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

குன்னூர் ஸ்டேஷனில் தெரிந்த பாயிண்ட்ஸ்மேன் ஒருவரைக் கேட்டேன். அவர் சிரித்தார். "எங்ககிட்ட இருக்குது. நாலு பேர் தூக்கிட்டு வந்து உங்க மேசை மேல வெக்கட்டுங்களா?" என்றார். ஊட்டியில் பொம்மைக் கடைகளில் கேட்டேன். பிளாஸ்டிக் ரயிலைக் காட்டினார்கள். கோயம்புத்தூருக்கு இறங்கி, உக்கடத்தில் பழைய சாமான் விற்கும் கடைகளில் ஒரு முழுப் பகல் அலைந்தேன். தண்டவாளத் துண்டை எடுத்துக் காட்டினால் தையல் மெஷின் பாகமா என்று கேட்டார்கள்.

சரி, நானே செய்கிறேன் என்று உட்கார்ந்தேன். தேயிலைப் பெட்டியின் விளிம்பில் அடித்திருக்கும் தகரப் பட்டையை உரித்து, வளைத்து, தண்டவாளம் போலச் செய்தேன். பற்றவைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடுத் தண்டவாளம் பக்கத் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிற இடத்தில் ஒரு மயிரிழை இடைவெளி வேண்டும். கொஞ்சம் குறைந்தால் ஷார்ட் ஆகும், கொஞ்சம் கூடினால் எஞ்சின் நின்றுவிடும். மூன்று செய்தேன். மூன்றும் பொறி பறந்து கருகின. மூன்றாவது டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து எரித்தது. அதைப் பிரித்துத் திரும்பச் சுற்ற ஒரு வாரம் ஆனது.

அந்த வாரத்தில்தான் பேக்கிங் ஆள் போனார். காலையில் வந்தார், கையெழுத்துப் போடவில்லை. பையோடு வந்திருந்தார்.

"மச்சான்கிட்டச் சொல்லி வெச்சுட்டனுங்க. திருப்பூர்ல அயர்ன் செக்ஷன். நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க" என்றார் என்னிடம்.

"இன்னும் ஒரு மாசம் பாரு. பாயிண்ட் கெடச்சிரும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பாயிண்ட் கெடச்சா இலை வருமாங்கண்ணா?"

அவர் போனார். நாங்கள் மூன்று பேர் ஆனோம். அதற்குக் கீழே இடமில்லை. செயலாளர் அவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் போனபோது நாங்கள் ஏலம் எடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கேட்ட அன்றைக்கே பாயிண்டைக் கொடுத்திருந்தால் அவர் இருந்திருப்பார் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அவருக்கும் குடும்பம் இருந்தது. ஆனால் அவரைப் பிடித்து வைக்க என் கையில் ஒன்றும் இல்லாமல் போனதற்குக் காரணம் யார் என்று தெரியும்.

மறுபடி கோயம்புத்தூர் போனேன். இந்தத் தடவை பெரிய பொம்மைக் கடை ஒன்றில் கல்லாவில் இருந்தவர் தண்டவாளத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"மூணு தண்டவாளமா? இத நிறுத்தி எவ்வளவு காலமாச்சு. பெங்களூர்ல ஒருத்தர் இதையே சேத்து வெச்சிருக்காரு. கொஞ்சம் கிறுக்கு. விக்கமாட்டாரு. எழுதிப் பாருங்க" என்று விலாசம் கொடுத்தார்.

எழுதினேன். என் இங்கிலீஷ் போதாது என்று முதலாளியையே எழுதச் சொன்னேன். அவருக்கு விஷயம் அப்போதுதான் முழுக்கத் தெரியும். ட்ரஃப் மேல் ரயில் ஓட்டுகிறோம் என்பதற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பேனாவை மூடிக்கொண்டே, "ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஆள் இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார்.

பெங்களூர்க்காரர் பதில் போட்டார். இரண்டு பாயிண்ட் தருகிறேன், அதற்கு மேல் தரமாட்டேன், அதற்குப் பதில் உங்களிடம் இருக்கும் கை சிக்னல் வேண்டும், எந்தக் கைப் பாயிண்ட் என்று தெரிய வரைபடம் அனுப்பவும் என்று எழுதியிருந்தார். இடது பக்கம் பிரிவது ஒரு வகை, வலது பக்கம் பிரிவது இன்னொரு வகை.

வரைபடம் போட்டேன். இங்கேதான் நான் கெட்டேன். இதை மறைக்கவில்லை.

ட்ரஃப்பை நான் மேலிருந்து பார்த்தது குறைவு. இருபது வருடமாக என் வேலை அதன் வயிற்றுக்குள்தான். ஃபேன் பக்கம் இருக்கும் சின்னக் கதவு வழியாக உள்ளே தவழ்ந்து போய், மல்லாந்து படுத்து, உதிர்ந்த இலையை வழித்தெடுத்து, வலையைத் தைப்பேன். ரயிலுக்கு ஒயர் இழுத்ததும் அதே வயிற்றுக்குள் படுத்துக்கொண்டுதான். நாற்பதடிக்குக் கரன்ட் பலம் குறையாமல் இருக்க அங்கங்கே பலகையில் ஓட்டை போட்டு ஒயர் ஏற்றியிருந்தேன். அந்த ஓட்டைகளை வைத்து அளந்தால் வரைபடம் துல்லியமாக வரும் என்று, டார்ச்சும் அட்டையுமாக உள்ளே போய், மல்லாந்து படுத்தபடி வரைந்தேன். அங்குலம்கூடப் பிசகவில்லை. சிக்னலோடு அனுப்பிவைத்தேன்.

பார்சல் வந்தது. இரண்டும் கண்ணாடி போல இருந்தன. நெம்புகோலைத் தள்ளினால் டக் என்று விழும். அக்காவே துணியை எடுத்துத் துடைத்தார். பூட்டினேன். எஞ்சினை விட்டேன். பக்கவழி வட்டத்துக்கு உள்ளே பிரிய வேண்டும். வெளியே பிரிந்தது. வெளியே பலகையே இல்லை. எஞ்சின் விளிம்புக்கு ஓடிற்று. அண்ணன் இரண்டு கையையும் ஏந்திப் பிடித்தார்.

நான் வரைபடத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். பலகையைப் பார்த்தேன். அடியிலிருந்து பார்த்து வரைந்ததால் வலது எல்லாம் இடதாகப் போயிருந்தது. அவர் சரியாகத்தான் அனுப்பியிருக்கிறார். நான்தான் தப்பாகக் கேட்டிருக்கிறேன்.

"எந்த மடையன் அடியில படுத்துக்கிட்டு பிளான் போடுவான்?" என்றேன் நானே.

"நம்ம மடையந்தான்" என்றார் அக்கா. "வேற யாருக்கு ட்ரஃப்புக்குள்ள படுத்துப் பழக்கம்?"

மாற்றிக் கேட்கலாம் என்றால் கொடுப்பதற்கு எங்களிடம் இன்னொரு சிக்னல் இல்லை. அக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டினார். மணி மூன்றுதான். அந்தப் பை மாட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கு வருவாரா என்பது சந்தேகம்தான்.

அண்ணன் எஞ்சினை இன்னும் கையிலேயே வைத்திருந்தார். அவர் மெதுவாகச் சொன்னார். "தம்பி, நாம ஏன் ரயில மேல ஏத்தவே பாக்குறோம்? எறக்கு."

"என்னங்கண்ணா?"

"நீ மேட்டுப்பாளையத்துலருந்து ஊட்டிக்கு ஓட்டுற. இந்தச் சாமானக் கழட்டி முன்ன பின்ன திருப்பிப் போடு. ஊட்டியிலருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஓட்டு. அப்ப உள்ளுக்குத்தானே பிரியும்? சிலோன்ல எங்க தொரை இப்பிடித்தான், கொழுந்து லாரி மேல ஏறலேன்னா ரிவர்ஸ்ல ஏத்துவாரு."

நான் பாயிண்டைக் கழற்றித் திருப்பி வைத்துப் பார்த்தேன். பக்கவழி உள்ளே வந்தது. எதிர்த்திசையில் வருகிற ரயிலுக்கு அது கதவு போலத் திறந்தது. எங்களுக்கு எந்தத் திசையாக இருந்தால் என்ன? இருபது வருட ஃபிட்டருக்கு வராத யோசனை ட்ரையர்காரருக்கு வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் வேலையை நிறுத்தவில்லை. ஐந்து மணிக்குள் இரண்டையும் திருப்பிப் போட்டேன்.

அக்கா பையை மாட்டியபடியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ரயில் பக்கவழிக்குள் போய் நின்றது. அந்தப் பக்கவழிக்கு மட்டும் கரன்ட்டை நிறுத்தினேன். எதிரிலிருந்து மற்றது வந்து அதை உரசுவது போலக் கடந்து போனது. அக்கா பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"அந்தப் பக்கத்து ஸ்டேஷன் எனக்கு" என்றார்.

அதற்குப் பிறகு பதினோரு மாதம் நாங்கள் ரயில் ஓட்டினோம். டைம் டேபிள் போட்டுச் சுவரில் ஒட்டினோம். சிக்னல் இல்லாததால் அக்கா சிவப்பு ரிப்பனும் பச்சை ரிப்பனும் வைத்துக்கொண்டார். ரிப்பன் காட்டாமல் நான் வண்டியை நகர்த்தினால் பிரித்து மேய்ந்துவிடுவார். முதலாளி பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து அண்ணனின் ஸ்டேஷனில் உதவிக்கு நிற்பார். ஒரு நாள் அவர் பாயிண்டைத் தள்ள மறந்து இரண்டு எஞ்சினும் முட்டிக்கொண்டன.

"ஏனுங்க மொதலாளி, தூங்குறீங்களா? லீவு வேணும்னா எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார் அக்கா.

"மன்னிச்சுக்கங்க" என்றார் முதலாளி. அவர் யாரிடமும் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அண்ணனுக்கு ஒரு மாதம் காய்ச்சல். கம்பளியைச் சுற்றிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார். வீட்டில் இருங்கள் என்றோம். "எட்டே முக்காலுக்கு எனக்கு கிராசிங் இருக்கு" என்றார். இதை நான் வேடிக்கைக்காக எழுதவில்லை. அந்த மாதம் அவர் வராமல் இருந்திருந்தால் இரண்டு பேர். பூட்டு.

பிறகு விலை கொஞ்சம் ஏறியது. ஒரு காலையில் விவசாயி ஒருவர் ஜீப்பில் நான்கு மூட்டை இலையோடு வந்து நின்றார். மறுநாள் இரண்டு ஜீப். அந்த வாரமே எல்லா ட்ரஃப்பும் வேண்டியதாகிவிட்டது. ரயிலைப் பிரித்துப் பெட்டியில் போட்டோம். ஃபேனைப் போட்டோம். பச்சை வாசனை தொழிற்சாலை முழுக்க நிறைந்தது. ரயிலைப் பிரித்ததற்கு ஒருவருக்கும் வருத்தம் இல்லை. அது அதன் வேலையைச் செய்துவிட்டது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

அடுத்த வருடம் உங்கள் கிளப்பில் கரன்ட் போய்விட்டது. உங்கள் எலக்ட்ரீஷியன் ஊரில் இல்லை. முதலாளியிடம் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். ஃபியூஸ் பெட்டி பின்னறையில் ஒரு அலமாரிக்குப் பின்னால் இருந்தது. அலமாரியை நகர்த்தக் கதவு திறந்துகொண்டது. கீழ்த்தட்டில் அட்டைப் பெட்டி ஒன்று. மேலே ஏலப் பட்டியலில் இருந்த அதே மை எழுத்தில் "பாயிண்ட் நான்கு". திறந்தேன். இரண்டு இடது, இரண்டு வலது. ஒரு கீறல் இல்லை. மெழுகுத் தாள்கூடப் பிரிக்கப்படவில்லை.

அன்றைக்குப் பின்வாசலில் தலையைக் குனிந்த பேரர்தான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். "ஏலத்துக்கு மொத நாளே எடுத்து வெச்சுட்டாருங்க" என்றார் தணிந்த குரலில்.

அப்போது நீங்கள் உள்ளே வந்தீர்கள். என் கையில் பெட்டியைப் பார்த்தீர்கள்.

"அத வை. ஃபியூஸப் பாரு" என்றீர்கள்.

வைத்தேன். ஃபியூஸைப் பார்த்தேன். என் முதலாளியின் தூளை வாங்குகிறவர்கள் பாதிப் பேர் உங்கள் கிளப்பில் சீட்டாடுகிறவர்கள். வாய் திறந்தால் அவருக்குச் சங்கடம் வரும் என்று பயந்தேன். அன்று பேசாமல் வந்தது என் தப்பு. அந்தத் தப்பை இன்றைக்குச் சரிசெய்கிறேன். முதலாளி தொழிற்சாலையை விற்றுவிட்டுப் போய்விட்டார், எனக்கு இனி யாருக்காகவும் வாயை மூட வேண்டியதில்லை.

எனக்கு விளங்காதது ஒன்றே ஒன்றுதான். உங்களிடம் பாயிண்ட் இருந்தது, ஆனால் அதைப் பூட்ட ஒரு முழம் தண்டவாளம்கூட இல்லை. தண்டவாளம் முழுக்க என்னிடம் இருந்தது. அந்த நான்கு துண்டும் உங்களுக்கு எதற்கும் ஆகாது. விற்கவில்லை. ஓட்டவில்லை. மெழுகுத் தாளைக்கூடப் பிரிக்கவில்லை. எங்களுக்கு அது எதற்கு வேண்டும் என்று நான் உங்கள் பின்வாசலில் நின்று சொன்ன பிறகும், குப்பையில் போட்டாச்சு என்று சொல்லி அலமாரியில் வைத்துக்கொண்டீர்கள். இப்போது எல்லாவற்றையும் கொடுத்ததாக மலரில் போட்டுக்கொள்கிறீர்கள்.

எனக்குத் தனியாக வந்து விளக்கம் சொல்லாதீர்கள். நான் இதைப் பேசுவது காதில் விழுந்து போன வாரம் ஆள் அனுப்பினீர்கள், டீ சாப்பிட வரச் சொன்னீர்கள். வரமாட்டேன். கிளப்பின் ஆண்டுக் கூட்டம் வருகிறது. முன்வாசலைத் திறந்து வையுங்கள். நான் வருவேன். அண்ணன் கம்பைப் பிடித்துக்கொண்டு வருவார். அக்கா சேரம்பாடியில் மகள் வீட்டில் இருக்கிறார், பஸ் ஏறி வருவதாகச் சொல்லிவிட்டார். திருப்பூருக்கும் தகவல் சொல்லியிருக்கிறேன். எல்லார் முன்னாலும், கூட்டத்து மைக்கில், இரண்டு கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். அந்த நான்கு பாயிண்ட் உங்கள் அலமாரியில் இருந்ததா, இல்லையா? இருந்தது என்றால், கேட்டபோது ஏன் கொடுக்கவில்லை?